வாசலைப் பூட்டினோம்... வைஃபையைப் பூட்டினோமா?

மதியம் இரண்டு மணி. சென்னைப் புறநகரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. ஃபைபர் கனெக்‌ஷன் கொடுக்க வந்த இளைஞர் ஹால் சுவரில் இரண்டு துளை போட்டு வெள்ளைப் பெட்டியை மாட்டுகிறார். மெல்லிய ஒயரின் நுனியைச் சீவித் துடைத்துச் செருகியதும் பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக எரிகின்றன.

“வைஃபைக்குப் பேர் என்ன சார் வைக்கட்டும்?”

“எங்க ஃபிளாட் நம்பரையே வச்சிடுப்பா.”

“பாஸ்வேர்டு?”

வீட்டுக்காரர் மனைவியைப் பார்க்கிறார். மனைவி மகனைப் பார்க்கிறார். இளைஞருக்கு இன்னும் நான்கு வீடு பாக்கி. “உங்க செல் நம்பரே போட்டுடறேன் சார், மறக்காது!” என்கிறார். எல்லோருக்கும் நிம்மதி. ஐந்தே நிமிடத்தில் மகன் ஸ்பீடு டெஸ்ட் பார்க்கிறான், பாட்டியின் சீரியல் டிவியில் ஓடத் தொடங்குகிறது.

எந்த ஊரில் விசாரித்தாலும் ஏறக்குறைய இதே உரையாடல்தான் நடந்திருக்கிறது. அந்தப் பெட்டிக்கு இன்னொரு பாஸ்வேர்டும் உண்டு என்பதும், அதுதான் மூலச்சாவி என்பதும் பேச்சில் வருவதே இல்லை. வீட்டில் எத்தனை கம்ப்யூட்டர் என்று கேட்டால் லேப்டாப்பைச் சொல்வார்கள், யோசித்து செல்போனையும் சேர்ப்பார்கள். ரவுட்டரை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் அதற்குள் பிராசஸர் இருக்கிறது, மெமரி இருக்கிறது, பெரும்பாலும் லினக்ஸ் இயங்குதளம் இருக்கிறது. இருபத்துநான்கு மணி நேரமும் ஓடும் கம்ப்யூட்டர் அது. வைஃபையில் போகும் ஒவ்வொரு செய்தியும், வரும் ஒவ்வொரு வீடியோவும் அதைத் தாண்டித்தான் போய் வருகின்றன. வீட்டில் யாருமே ஒருமுறைகூட உள்ளே நுழைந்து பார்க்காத கம்ப்யூட்டரும் அது ஒன்றுதான்.

செருப்புக்கு அனுமதி இல்லை

கம்ப்யூட்டரை நம்மவர்கள் எப்போதும் இப்படி அலட்சியமாக நடத்தியதில்லை. நேர்மாறாக, கர்ப்பக்கிரகம்போல நடத்தினார்கள்.

சென்னை ஐஐடிக்கு 1973-ல் ஐபிஎம் 370/155 வந்தது. மாணவர்கள் அதைத் தொட முடியாது. 80 நெடுவரிசைகள் கொண்ட அட்டைகளில் துளையிட்டு, புரோகிராமைக் கட்டாகக் கட்டிக் கவுன்ட்டரில் கொடுத்துவிட்டு வர வேண்டும். விடை அச்சடித்துக் கிடைக்கும்போது ஒரு காற்புள்ளி தவறியிருந்தால் மறுபடி முதலிலிருந்து வேலை. அந்த ரக இயந்திரத்துக்குப் பொருத்தக்கூடிய மெமரியே அதிகபட்சம் 2 எம்பிதான்.

மத்திய அரசின் ‘கிளாஸ்’ திட்டம் 1984-85-ல் தேர்ந்தெடுத்த பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோவைக் கொண்டுவந்தது. இங்கிலாந்தின் ஏகார்ன் நிறுவனம் வடிவமைத்தது. மெமரி 32 கேபி. அடுத்து வந்த வருடங்களில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுகள் ஒவ்வொன்றாகக் ‘கம்ப்யூட்டர் சென்டர்’ போர்டு மாட்டின. வேர்ட்ஸ்டார், லோட்டஸ், டிபேஸ் என்று சர்டிஃபிகேட் கோர்ஸ்கள் பெருகின. கல்லூரி லேப் வாசலில் வரிசையாகச் செருப்புகள் கிடக்கும். உள்ளே ஊரிலேயே அபூர்வமான ஏசி. மானிட்டருக்குத் தைத்த துணியுறை, விசைப்பலகைக்குத் தனியாக இன்னொன்று. சாவி துறைத்தலைவரிடம். ஒரு மெஷினுக்கு இரண்டு பேர், சில இடங்களில் மூன்று பேர். ஒருவன் தட்டுவான், மற்றவர்கள் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள். சரஸ்வதி பூஜையன்று சிபியூவுக்குச் சந்தனம், குங்குமம். அந்த வழக்கம் பல அலுவலகங்களில் இன்றும் தொடர்கிறது. ரவுட்டருக்கு யாராவது பொட்டு வைத்திருந்தால் ஆச்சரியம்தான்.

இத்தனை காவலும் எதற்கு? தூசியிலிருந்து ஃபிளாப்பி டிரைவைக் காப்பாற்ற. திருட அந்த மெஷினுக்குள் ஒன்றுமே இல்லை. அதிகம் போனால் ஒரு மார்க் லிஸ்ட், ஒரு சம்பளப் பட்டியல். ஆபத்து வர வேண்டுமானால் ஃபிளாப்பியில் ஏறி, ஒரு மனிதரின் சட்டைப்பையில் உட்கார்ந்து வந்தாக வேண்டும். 1986-ல் லாகூரில் கம்ப்யூட்டர் கடை நடத்திய இரண்டு சகோதரர்கள் எழுதிய ‘பிரெயின்’ வைரஸ் அப்படித்தான் உலகம் சுற்றியது. அதற்குள் தங்கள் பெயரையும் முகவரியையும் போன் நம்பரையும் அவர்களே எழுதி வைத்திருந்தார்கள் என்பதை இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது.

1995 ஆகஸ்ட் 15 அன்று அரசு நிறுவனமான விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. வேகம் 9.6 கேபிபிஎஸ். மோடம் கிறீச்சிட்டு முடிக்கும் வரை காத்திருந்து, பக்கம் மேலிருந்து கீழாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்த தலைமுறை அது. நெட்டில் இருக்கும்போது ஊரிலிருந்து போன் வந்தால் எங்கேஜ்டு டோன்தான் கேட்கும். சென்னை ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கி ‘அசெம்பிள்’ செய்த சிஸ்டத்தை ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வீடு திரும்பியவர்களுக்கு, இணையம் என்பது மணிக்கணக்கில் அளந்து வாங்கும் சரக்கு.

அளந்து விற்றால் அதையும் திருடுவார்கள் இல்லையா? 2000-ம் ஆண்டு மே மாதம் டில்லி போலீஸ் ஒரு விநோதமான வழக்கைப் பதிவு செய்தது. களவு போன பொருள், இணைய மணி நேரம். புகார் கொடுத்தவரின் வீட்டுக்கு இணைப்பை இயக்கித் தர வந்த பொறியாளரிடமே யூசர் நேமும் பாஸ்வேர்டும் போயிருந்தன. வேறு வேறு இடங்களிலிருந்து அந்தக் கணக்கில் நுழைந்து நேரத்தைச் செலவழித்துவிட்டார்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் அமலுக்கு வந்ததே அந்த ஆண்டு அக்டோபர் 17-ல்தான். எனவே சைக்கிள் திருட்டுக்கு அப்போது போட்ட அதே இந்திய தண்டனைச் சட்டப் பிரிவில் வழக்குப் போட வேண்டியிருந்தது.

இணைப்புக் கொடுக்க வந்தவருக்குப் பாஸ்வேர்டு தெரியும் என்ற நிலைமை மட்டும் இன்றுவரை மாறவில்லை.

---
அன்றும் இன்றும்

பிபிசி மைக்ரோவின் மெமரி 32 கேபி. 128 எம்பி மெமரி கொண்ட ஒரு சாதாரண வீட்டு ரவுட்டர் அதைப்போல 4,096 மடங்கு.

1995-ல் விஎஸ்என்எல் தந்த வேகம் 9.6 கேபிபிஎஸ். இன்றைய 100 எம்பிபிஎஸ் இணைப்பு அதைவிடப் பத்தாயிரம் மடங்குக்கும் மேல்.

பழைய ஐந்தேகால் அங்குல ஃபிளாப்பியில் 360 கேபி அடங்கும். செல்போனில் எடுக்கும் ஒரே ஒரு போட்டோவுக்கு அப்படி ஏழெட்டு ஃபிளாப்பி தேவைப்படும்.
---

சான்பாடாவில் ஒரு சனிக்கிழமை

வைஃபையைத் திறந்து போட்டால் என்ன குடி முழுகிவிடும், பக்கத்து வீட்டுப் பையன் யூடியூப் பார்ப்பான், அவ்வளவுதானே?

2008 ஜூலை 26, சனிக்கிழமை மாலை. ஆமதாபாத்தில் குண்டுகள் வெடிக்கப் போகின்றன என்ற மின்னஞ்சல் தொலைக்காட்சி நிறுவனங்களுக்கு வந்தது. சில நிமிடங்களில் அடுத்தடுத்துக் குண்டுகள் வெடித்தன. 56 பேர் இறந்தார்கள். மின்னஞ்சல் புறப்பட்ட ஐபி முகவரியைப் பிடித்துக்கொண்டு போன போலீஸார் நின்ற இடம், நவி மும்பை சான்பாடாவில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. அங்கே குடியிருந்தவர் ஓர் அமெரிக்கர். அவருடைய வைஃபையில் யாரோ வெளியாள் நுழைந்து அனுப்பியிருந்தார்கள். ஆனால் அது தெளிவாகும் வரை கம்ப்யூட்டர்கள் பறிமுதல், விசாரணை, ஊடக வெளிச்சம் எல்லாம் அவர் தலையில்தான் விடிந்தன.

கதை அதோடு நிற்கவில்லை. ஆகஸ்டில் இன்னொரு மின்னஞ்சல் மாட்டுங்காவில் ஒரு கல்லூரியின் வைஃபையிலிருந்து போனது. செப்டம்பர் 13 அன்று, டில்லி குண்டுவெடிப்பு நாளில், செம்பூரில் ஒரு தனியார் நிறுவனத்தின் வைஃபையிலிருந்து. மூன்று இடங்களிலும் கனெக்‌ஷன் வைத்திருந்தவர்களுக்கும் சதிக்கும் சம்பந்தமில்லை.

2009 ஜனவரியில் மும்பை போலீஸார் தெருத்தெருவாகப் போய்ப் பூட்டாத வைஃபைகளைத் தேடினார்கள். பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறை, வைஃபையைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவது குறித்து நிறுவனங்களுக்கு உத்தரவு போட்டது. இன்று பாஸ்வேர்டே இல்லாத வீட்டு வைஃபையைப் பார்ப்பது அபூர்வம் என்றால், அதற்கு அந்தக் காலகட்டமும் ஒரு காரணம்.

ஐபி முகவரி கைரேகை மாதிரி ஓர் ஆளைக் காட்டுவதில்லை, ஒரு கனெக்‌ஷனைத்தான் காட்டுகிறது. கனெக்‌ஷன் யார் பெயரில் இருக்கிறதோ, முதல் விசாரணை அவரிடம். மாடியில் குடியிருப்பவருக்கும், கீழே டிபன் கடைக்கும், எதிர்வீட்டுக் கல்லூரி மாணவிக்கும் தன் வைஃபையைத் தாராளமாகக் கொடுத்திருக்கும் ஹவுஸ் ஓனர்கள் நம் ஊரில் தெருவுக்கு ஒருவர் உண்டு. நல்ல மனசுதான். ஆனால் மிரட்டல் மெயிலோ, ஆபாசப் படமோ, போலிப் பரிவர்த்தனையோ அந்தக் கனெக்‌ஷன் வழியே போனால், “நான் இல்லை” என்று நிரூபிக்கும் அலைச்சல் அவருடையது.

செல் நம்பருக்கு எவ்வளவு ஆயுள்?

பூட்டு இருக்கிறது, சாவி செல் நம்பர். அது போதாதா என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

வீட்டுக்குள் ஒரு போன் வைஃபையில் சேரும்போது போனுக்கும் ரவுட்டருக்கும் இடையே காற்றில் ஒரு சிறு கைகுலுக்கல் நடக்கிறது. பாஸ்வேர்டு அப்படியே போவதில்லை, அதிலிருந்து கணக்கிட்ட மறையீடு போகிறது. வெளியே லேப்டாப்போடு நிற்பவர் இந்தக் கைகுலுக்கலைப் பதிவு செய்துகொள்ளலாம். அதன் பிறகு அவர் அங்கே நிற்கத் தேவையில்லை. வீட்டுக்குப் போய், ஒவ்வொரு பாஸ்வேர்டாகக் கணக்கிட்டுப் பதிவோடு பொருந்துகிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். ரவுட்டருக்குத் தெரியவே தெரியாது.

இந்திய செல் நம்பருக்குப் பத்து இலக்கம். முதல் இலக்கம் 6, 7, 8, 9 ஆகியவற்றில் ஒன்று. மொத்தம் 400 கோடி வாய்ப்புகள். கேட்க மலைப்பாக இருக்கும். வீடியோ கேம் ஆடுபவர்கள் வாங்கும் உயர்ரக கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று நொடிக்குச் சுமார் 25 லட்சம் வைஃபை பாஸ்வேர்டுகளைச் சோதித்துவிடும். 400 கோடியும் அரை மணி நேரத்துக்குள் தீர்ந்துபோகும். அதுகூட உங்களை அறியாதவருக்குத்தான். அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கும் எல்லோரிடமும் உங்கள் நம்பர் ஏற்கெனவே இருக்கிறது. வைஃபை பெயரில் ஃபிளாட் நம்பரும் இருந்தால் ஒரே முயற்சி போதும்.

மாற்று என்ன? எட்டாயிரம் சொற்கள் உள்ள பட்டியலிலிருந்து குருட்டாம்போக்கில் நான்கு சொற்களை எடுத்துச் சேர்த்தால், அதே கார்டுக்கு எல்லா வாய்ப்புகளையும் முடிக்க ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகும். எருமை, குடை, பரோட்டா, ஜன்னல் என்று ஒன்றுக்கொன்று ஒட்டாத நாலு வார்த்தை. தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் தட்டினால் வெளிநாட்டு அகராதிப் பட்டியல்களில் அது இருக்கும் வாய்ப்பு இன்னும் குறைவு. ஆனால் குறளின் முதல் சொற்களோ, சினிமா பன்ச் டயலாக்கோ, குலதெய்வத்தின் பெயரோடு 123-ஓ வேண்டாம். எல்லோர் வாயிலும் புழங்குவதைத்தான் திருடனும் முதலில் முயன்று பார்ப்பான். மேலே சொன்ன எருமையும் குடையும் அச்சாகிவிட்டதால் அதுவும் இனி ஆகாது!

---
தேனியின் வைஃபை

வைஃபை அலை வீட்டுச் சுவரோடு நின்றுவிடும் என்று நினைப்பவர்கள் தேனிக்குப் போய்க் கேட்கலாம். அங்குள்ள அரவிந்த் கண் மருத்துவமனை, கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வுக் குழுவுடன் சேர்ந்து, 2000-களின் நடுவில் சுற்றுவட்டாரக் கண் பரிசோதனை மையங்களை வைஃபையாலேயே இணைத்தது. வீட்டு ரவுட்டரில் இருக்கும் அதே மலிவான தொழில்நுட்பம். திசைநோக்கிய ஆன்டெனாக்களைக் கோபுரத்தில் கட்டி, மென்பொருளை மட்டும் மாற்றி எழுதினார்கள். கிராமத்தில் உட்கார்ந்திருக்கும் நோயாளியைப் பல கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தபடி டாக்டர் வீடியோவில் பார்த்துப் பேசினார். நல்ல ஆன்டெனா இருந்தால் உங்கள் வீட்டு வைஃபையும் நீங்கள் நினைப்பதைவிட வெகு தூரத்தில் கேட்கும்.
---

பெட்டியே கட்சி மாறினால்...

ஒரு விஷயத்தில் பயத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். வங்கித் தளங்களும் ஆப்களும் இன்று தகவலைக் குறியாக்கம் செய்தே அனுப்புகின்றன. ஆகவே உங்கள் வைஃபையில் நுழைந்த பக்கத்து வீட்டுக்காரர் உங்கள் வங்கி பாஸ்வேர்டை அப்படியே படித்துவிட முடியாது. வாட்ஸ்அப் ஃபார்வேர்டுகள் கிளப்பும் அந்தப் பீதி மிகை. நிஜமான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. ரவுட்டரின் நிர்வாகப் பக்கம் வேறொருவர் கைக்குப் போவதுதான் அது.

பிரேசிலில் அது நடந்தது. 2011-ல் தொடங்கிய தாக்குதலில் சுமார் 45 லட்சம் வீட்டு மோடம்களின் டிஎன்எஸ் அமைப்பை மாற்றிவிட்டார்கள். ‘இந்த இணையதளம் எங்கே இருக்கிறது’ என்ற கேள்விக்குப் பதில் சொல்வது டிஎன்எஸ். அதன் பதிலை மாற்றினால், வங்கியின் முகவரியைச் சரியாகத் தட்டினாலும் திருடன் கட்டிய போலிப் பக்கத்துக்குப் போய்ச் சேர்வோம். கம்ப்யூட்டரில் எத்தனை ஆன்டிவைரஸ் போட்டிருந்தாலும் அதன் கண்ணில் படாது. கோளாறு கம்ப்யூட்டரில் இல்லையே!

2016-ல் ‘மிராய்’ வந்தது. தொழிற்சாலையிலேயே வைத்து அனுப்பிய அறுபது சொச்சம் யூசர் நேம், பாஸ்வேர்டு ஜோடிகளை வைத்துக்கொண்டு உலகெங்கும் ரவுட்டர்களையும் சிசிடிவி கேமராக்களையும் தட்டிப் பார்த்த நிரல் அது. திறந்ததெல்லாம் அதன் படையில் சேர்ந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று அந்தப் படை ‘டின்’ என்ற டிஎன்எஸ் நிறுவனத்தைத் தாக்கியபோது ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் அமெரிக்காவின் பெரும்பகுதியில் முடங்கின. பின்னால் இருந்தது ஏதோ எதிரி நாட்டு உளவுத்துறை என்று ஊகித்தார்கள். மிராயை எழுதியதாக அடுத்த ஆண்டு நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டவர்கள் மூன்று அமெரிக்க இளைஞர்கள்.

இத்தகைய தாக்குதல் நம் நாட்டுக்கு வர அதிக காலம் ஆகவில்லை. 2017 ஜூலையில் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் வாடிக்கையாளர்கள் ஆயிரக்கணக்கானோரின் மோடம்கள் ஒரு தீநிரலால் முடங்கின. சிக்கியவை ‘அட்மின்’ என்ற பழைய பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டிருந்த மோடம்கள். பாஸ்வேர்டை மாற்றுங்கள் என்று நிறுவனமே வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது. 2018 மே மாதம் அமெரிக்காவின் எஃப்பிஐ வழக்கத்துக்கு மாறான ஒரு வேண்டுகோள் விடுத்தது: வீட்டு ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். 54 நாடுகளில் ஐந்து லட்சம் ரவுட்டர்களில் ‘விபிஎன்ஃபில்டர்’ என்ற நிரல் குடியேறியிருந்தது.

இவற்றில் கணிசமானவை குறி பார்த்து அடித்த தாக்குதல்கள் அல்ல. “என் வீட்டில் திருட என்ன இருக்கு?” என்று கேட்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். திருடன் உங்களைத் தேடி வரவில்லை. திறந்திருக்கும் கதவைத் தேடி வருகிறான், அதுவும் எல்லாத் தெருக்களிலும் ஒரே நேரத்தில்.

கேமரா விஷயத்தில் நிலைமை இன்னும் கசப்பு. 2025 பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் சிசிடிவி காட்சிகள் இணையத்தில் விற்பனைக்கு வந்தது அம்பலமானது. பரிசோதனை அறையில் இருந்த பெண்கள், டெலிகிராமில் காசுக்கு. பாதுகாப்புக்காக மாட்டிய கேமரா, பாஸ்வேர்டு பலவீனமாக இருந்தால் எதிரியின் கண்ணாகிவிடுகிறது. தொட்டிலுக்கு மேலேயும், தனியாக இருக்கும் பெற்றோரைக் கவனித்துக்கொள்ளப் படுக்கையறையிலும் வைஃபை கேமரா மாட்டும் குடும்பங்கள் பெருகிவிட்ட காலம் இது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் மாட்டச் சொல்லும் கேமராக்கள் அவை. மாட்டியவர் போட்ட பாஸ்வேர்டு என்ன என்று கேட்டால், பெரும்பாலும் அவர்களுக்கும் தெரியாது.

---
பூட்டுகளின் கதை

1997: வைஃபையின் அடிப்படைத் தரம் வெளியானது. கூடவே ‘வெப்’ என்ற முதல் பூட்டு.

2001: வெப் பூட்டின் அடிப்படையே தவறு என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். 2007-ல் அதை ஒரு நிமிடத்துக்குள் திறந்தார்கள்.

2004: டபிள்யூபிஏ-2. இன்றும் பெரும்பாலான வீடுகளில் இருப்பது இதுதான்.

2011: பட்டன் அமுக்கிச் சேரும் வசதியான டபிள்யூபிஎஸ்-ஸின் எட்டு இலக்க எண்ணை வெறும் 11,000 முயற்சிகளில் கண்டுபிடிக்கலாம் என்பது வெளிப்பட்டது.

2018: டபிள்யூபிஏ-3. கைகுலுக்கலைப் பதிவு செய்து வீட்டில் உட்கார்ந்து உடைக்கும் வித்தைக்கு இதில் வழி அடைபட்டது.
---

அரை மணி நேர வேலை

சரி, என்ன செய்வது? பெட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். 192.168.1.1 மாதிரி ஒரு முகவரி, யூசர் நேம், பாஸ்வேர்டு. வைஃபையில் இருந்தபடி அந்த முகவரியை பிரவுசரில் தட்டினால் ரவுட்டரின் நிர்வாகப் பக்கம் திறக்கும். சில நிறுவனங்கள் இதற்கென்று ஆப் தருகின்றன.

முதல் வேலை, அட்மின் பாஸ்வேர்டை மாற்றுவது. வைஃபை பாஸ்வேர்டு போன்களுக்குக் கொடுப்பது, அட்மின் பாஸ்வேர்டு ரவுட்டரையே ஆள்வது. இரண்டும் ஒன்றாக இருக்கக் கூடாது. மாற்றியதை ஒரு தாளில் எழுதி, ரேஷன் கார்டு வைக்கும் பையில் போட்டு வையுங்கள். பாஸ்வேர்டை எழுதி வைப்பது பாவம் என்பது பழைய பாடம். ரஷ்யாவிலிருந்து தட்டுபவனுக்கு உங்கள் பீரோ எட்டாது.

அடுத்து வைஃபை பெயர். ஃபிளாட் நம்பரும் குடும்பப் பெயரும் வேண்டாம். ரவுட்டரின் மாடல் எண்ணோடு வந்த பெயரையும் விட்டு வைக்காதீர்கள். பாதுகாப்பு வகையில் டபிள்யூபிஏ-3 இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். பழைய போன் சேர மறுத்தால் டபிள்யூபிஏ-2, ஏஇஎஸ். பட்டியலில் ‘டிகேஐபி’ என்று இருப்பதைத் தொடாதீர்கள். டபிள்யூபிஎஸ்-ஸையும், வெளியிலிருந்து நிர்வகிக்கும் ‘ரிமோட் மேனேஜ்மென்ட்’ வசதியையும் அணைத்துவிடுங்கள்.

மூன்றாவது, விருந்தினர் வைஃபை. பொங்கலுக்கு வந்த சித்தி மகன் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே “பாஸ்வேர்டு என்ன பெரியப்பா?” என்பான். இல்லை என்று சொல்ல முடியுமா? முடியாது, சொல்லவும் வேண்டாம். பெரும்பாலான ரவுட்டர்களில் ‘கெஸ்ட் நெட்வொர்க்’ என்று ஒன்று உண்டு. அதில் சேர்பவருக்கு இணையம் கிடைக்கும், வீட்டின் மற்ற சாதனங்கள் கண்ணில் படாது. பண்டிகை முடிந்ததும் பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளலாம், யார் மனமும் புண்படாது. அலெக்ஸா, ஸ்மார்ட் பல்பு, மலிவு விலைக் கேமரா ஆகியவற்றையும் இதே பக்கம் தள்ளிவிடுவது புத்திசாலித்தனம்.

நான்காவது, ஃபர்ம்வேர் அப்டேட். ரவுட்டரின் மென்பொருளில் கண்டுபிடிக்கும் ஓட்டைகளை அடைப்பது அதுதான். தானாக அப்டேட் ஆகும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். தயாரிப்பாளர் அப்டேட் தருவதையே நிறுத்திவிட்ட பழைய பெட்டி என்றால், விளக்கு எரிகிறதே என்று வைத்திருக்காமல் மாற்றிவிடுவதுதான் சரி.

ஒரு எச்சரிக்கை. பின்பக்கத்துச் சிறு துளையில் குண்டூசியை விட்டுப் பத்து விநாடி அழுத்தினால் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும் என்று இணையத்தில் படித்திருப்பீர்கள். ஃபைபர் பெட்டியில் அப்படிச் செய்தால் நிறுவனம் உள்ளிட்டு வைத்த கனெக்‌ஷன் விவரமும் சேர்ந்து அழிந்துபோகலாம். கஸ்டமர் கேரில் பாட்டுக் கேட்டுக்கொண்டு காத்திருக்க நேரிடும். அந்த விவரத்தை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டு துளையில் கை வையுங்கள்.

சில வேலைகள் செய்தும் பயனில்லை. வைஃபை பெயரை மறைத்து வைப்பது அதில் ஒன்று. இலவச மென்பொருள் ஒன்றே மறைத்த பெயரைக் காட்டிவிடும். குறிப்பிட்ட போன்களுக்கு மட்டும் அனுமதி தரும் ‘மேக்’ வடிகட்டியும் அப்படியே. போனின் மேக் முகவரி காற்றில் வெளிப்படையாகப் போகிறது, அதைக் காப்பியடிப்பது சுலபம். தெரிந்த பையன் வந்து இவற்றைச் செய்துவிட்டு ‘செக்யூர் பண்ணிட்டேன் அங்கிள்’ என்றால் நன்றி சொல்லிவிட்டு, அட்மின் பாஸ்வேர்டை மாற்றினானா என்று கேளுங்கள்.

பெட்டி எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். ஒயர் நுழையும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டிவிட்டுப் போவதால், பல வீடுகளில் அது வாசலுக்கு மேல் தொங்குகிறது. மாடிப்படிக்கு முழு சிக்னல், படுக்கையறைக்கு ஒரு கோடு. வீட்டின் நடுவில், இரும்பு பீரோவுக்கும் மீன் தொட்டிக்கும் எட்ட, ஆள் உயரத்தில் மாட்டச் சொல்லுங்கள். கூடுதல் ஒயருக்குச் சில நூறு ரூபாய் ஆகும்.

யார் பொறுப்பு?

இத்தனையையும் வீட்டுக்காரர் தலையில் கட்டுவது நியாயமா என்று கேட்டால், இல்லை என்பதே பதில். கலிபோர்னியாவில் 2020 ஜனவரி முதல், எல்லாப் பெட்டிக்கும் ஒரே பாஸ்வேர்டை வைத்து விற்கச் சட்டம் இடம் தருவதில்லை. இங்கிலாந்தில் 2024 ஏப்ரல் 29 முதல் அதே நிலை. ஒவ்வொரு பெட்டிக்கும் வெவ்வேறு பாஸ்வேர்டு, அல்லது முதல்முறை இயக்கும்போதே வாங்கியவர் கட்டாயம் மாற்ற வேண்டும். சுமையைத் தயாரிப்பாளர் பக்கம் திருப்பிய சட்டங்கள் அவை. மிராய்க்குப் பிறகாவது உலகம் முழுக்க இது வந்திருக்க வேண்டும்.

இங்கே நிறுவனங்கள் நாளைக்கே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. கனெக்‌ஷன் கொடுக்கும்போது தமிழில் ஒரே ஒரு பக்கக் குறிப்பு. அட்மின் பாஸ்வேர்டை மாற்றுவது எப்படி, கெஸ்ட் நெட்வொர்க் எங்கே இருக்கிறது, பெட்டிக்கு எந்த ஆண்டு வரை அப்டேட் உண்டு. கேஸ் கனெக்‌ஷன் தரும்போது ரெகுலேட்டரை மூடிக் காட்டிவிட்டுப் போகிறார்கள் அல்லவா, அந்த அளவுக்குப் போதும். ஒரு நாளைக்கு இத்தனை வீடு என்று இலக்கு வைத்து ஓடவிடும் ஊழியரிடம் இதை எதிர்பார்க்க முடியாது. நிர்வாகம்தான் ஐந்து நிமிடம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்.

தமிழக அரசு 2011 செப்டம்பரில் மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியபோது, லட்சக்கணக்கான வீடுகளில் அதுவே முதல் கம்ப்யூட்டர். அதில் படித்து வளர்ந்தவர்கள் இன்று வேலையில் இருக்கிறார்கள், சொந்தமாக வைஃபை போட்டிருக்கிறார்கள். ஊரில் அம்மா அப்பா வீட்டு ரவுட்டரையும் பார்த்துக்கொடுக்க இவர்களை விட்டால் ஆள் இல்லை. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

கம்ப்யூட்டரிலோ போனிலோ தீநிரல் புகுந்துவிட்டதாகச் சந்தேகம் இருந்தால், மத்திய அரசு 2017-ல் தொடங்கிய ‘சைபர் ஸ்வச்தா கேந்திரா’ அதைச் சுத்தம் செய்யும் கருவிகளை இலவசமாகத் தருகிறது. பணம் பறிபோனால் வங்கிக் கிளை திறக்கும் வரை காத்திருக்க வேண்டாம். உடனே அழைக்க வேண்டிய எண் 1930. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, போன பணத்தை இடையில் நிறுத்தி வைக்க அவ்வளவு வாய்ப்பு.